சப்பரம் திரும்பும் மூலை

லால்குடியிலிருந்து கொள்ளிடக் கரையோரமாக உள்ளே வரும் மினி பஸ்ஸுக்கு மடத்துக்கரைதான் கடைசி ஊர். ஊரைச் சுற்றி வாழை. மாதா கோயிலைச் சுற்றி மேலத்தெரு. செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழாவில் சப்பரம் கிளம்பினால் மேலத்தெரு முழுக்கப் போகும், பால் சொசைட்டியைத் தாண்டும், ரேஷன் கடை மூலைக்கு வந்ததும் திரும்பிவிடும். மூலைக்கு அப்பால் கீழத்தெரு. அங்கே அறுபது வீடு. அறுபது வீட்டிலும் மாதா படம் உண்டு. ஆனால் சப்பரம் அங்கே போனதில்லை. கீழத்தெரு ஜனங்கள் மெழுகுவத்தியோடு மூலைக்கு வந்து நின்று, மாதா முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ரோசரி கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் கும்பிட்டிருக்கிறாள்.

அவளுக்கு இலை அறுக்கிற வேலை. வெளிச்சம் வருவதற்கு முன்பே மேலத்தெரு ராயப்பன் தோட்டத்தில் இறங்கிவிடுவாள். கழியில் கட்டிய சின்ன அரிவாளால் காம்பை ஒரு இழுப்பு இழுத்தால் இலை பனித்தண்ணியோடு தோளில் சரியும். கிழியாமல் வாங்க வேண்டும். கிழிந்தால் அதற்கு இலை விலை கிடையாது. மடித்து, நாரால் கட்டி, ஏழு மணி பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே இரண்டு மெஸ்ஸுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் அவள் இலைதான். தோட்டத்தில் வேலை முடிகிற நேரத்தில் ராயப்பன் வீட்டிலிருந்து டீ வரும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். இப்போது பேப்பர் கப். ராயப்பன் மருமகள் லிசிதான் கொண்டுவருவாள். வையம்பட்டிப் பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கப்பைக் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள் போல அங்கேயே நிற்பாள்.

ரோசரியின் புருஷன் தைரியராஜ் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். லாரியோடு காந்தி மார்க்கெட் வரைக்கும் போய் இறக்கிவிட்டு வருவார். அதிகம் பேச மாட்டார். ஒரே மகன் ஆஸ்டின். இருபத்து மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஷேக் தாவூது பாய் வைத்திருக்கும் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எதில் கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று பாய் எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்த வருஷம் சப்பரம் கீழத்தெருவுக்கும் வரும் என்று மாதா கோயில் பங்குப் பேரவையில் பேசி முடித்திருந்தார்கள். ஆஸ்டினும் நாலைந்து பேரும் எட்டு மாதமாக மனு கொடுத்து, பங்குச் சாமியாரைப் பார்த்து, தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்து வாங்கிய சம்மதம். கீழத்தெருவில் ஒரு வாரமாக வாசல் மெழுகினார்கள். குழாயடியில் இருந்த சாக்கடையைக் கல் போட்டு மூடினார்கள். ரோசரி எந்தக் குறையும் இல்லாத இருபது தலைவாழை இலையைத் தனியாக எடுத்துவைத்து, சப்பரம் வந்து நிற்கிற இடத்தில் தோரணமாகக் கட்டினாள்.

சாயங்காலப் பூசை முடிந்து ஆறு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. பேண்டு, வெடி, மல்லிகைப்பூ வாசனை. ரேஷன் கடை மூலைக்கு வந்ததும் முன்னால் தோள் கொடுத்திருந்த மேலத்தெரு ஆட்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள்.

ஆஸ்டின் முன்னால் போய்ச் சப்பரத்தின் தண்டைப் பிடித்தான்.

"அண்ணே, இப்படிப் போகணும்ணே. பேசினது இதுதானே."

"தண்ட விடுடா."

"நீங்க தூக்க வேணாம்ணே. இங்கேருந்து நாங்க தூக்கிக்கிறோம். ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே கொண்டாந்து விட்டுடுறோம்."

"நீ தொட்ட சப்பரத்த நாங்க திரும்பத் தூக்கணுமா?" என்று ஒருவன் கேட்டான்.

பேண்டு நின்றது. பங்குச் சாமியார் பின்னாலிருந்து, "பொறுமையா இருங்க, பொறுமையா இருங்க" என்று மைக்கில் சொன்னார். அதற்குள் யாரோ ஆஸ்டினின் முகத்தில் குத்தினார்கள். அவன் தண்டை விடவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாதா தலையிலிருந்த ஜரிகைக் கிரீடம் கழன்று தரையில் விழுந்து மிதிபட்டது. கீழத்தெருவிலிருந்து பையன்கள் ஓடிவந்தார்கள். கரும்பும் டியூப் லைட்டும் கல்லும் பறந்தன. ராயப்பன் மகன் கிளமென்ட் டிராக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வந்ததை ரோசரி மூலையில் நின்றபடியே பார்த்தாள். அவள் கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

கிளமென்ட் தலைக்குத்தான் ஓங்கினான். ஆஸ்டின் வலது கையைத் தூக்கித் தடுத்தான். வெட்டு மணிக்கட்டில் இறங்கியது. இரண்டாவது வெட்டும் அதே இடத்தில். கை தோலில் தொங்கியது. ஆஸ்டின் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முட்டி மடங்கி உட்கார்ந்தான். தைரியராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இடுப்புத் துண்டை அவிழ்த்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். அன்றைக்குக் கீழத்தெருவில் ஏழு மோட்டார் சைக்கிள் எரிந்தது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. தோரணத்துக்குக் கட்டிய இலையையும் மூங்கிலையும் பிடுங்கி அந்த நெருப்பிலேயே போட்டார்கள்.

திருச்சி பெரியாஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இன்ஸ்பெக்டர், "எஸ்.சி. ஆக்ட்ல போட முடியாதும்மா. சர்டிபிகேட்ல கிறிஸ்டியன், பி.சி.ன்னு இருக்கு. வேற செக்‌ஷன்லதான் போடணும்" என்றார்.

"சர்டிபிகேட்டுல இல்லாத சாதி ரேஷன் கடை மூலையில எப்படிங்க இருக்கு?" என்று ரோசரி கேட்டாள்.

அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். கீழத்தெருவுக்காக வந்த வக்கீல் சித்தார்த்தன், கொலை முயற்சி என்றாவது எழுத வைக்க இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தார். நாலு பேர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். கிளமென்ட் தலைமறைவு என்றார்கள். மேலத்தெருவில் இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

ரோசரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தினமும் செபமாலை சொன்னாள். பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று வருகிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மீதியைச் சொல்லுவாள். மாதாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

பதிமூன்றாம் நாள் ஆஸ்டினை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஷேக் தாவூது பாய் தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். "கடைக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாடா. உனக்குக் காது இருக்குல்ல, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்டினின் முகத்தைப் பார்க்க முடியாமல் காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் ரோசரி வேறு ஒருவர் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிருந்தாள். தைரியராஜ் மகனுக்கு ரசம் சோறு போட்டு வைத்தார். ஆஸ்டின் பழக்கத்தில் வலது கையை நீட்டினான். கட்டுப் போட்ட முனை சோற்றில் இடித்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் அள்ளினான். பாதி மடியில் விழுந்தது.

"நான் ஊட்டி விடட்டா?" என்றார் தைரியராஜ்.

"வேணாம்பா. பழகிக்கணும்."

அந்த நேரத்தில் மேலத்தெருவில் ஆயிரம் வாலா வெடித்தது. பக்கத்து வீட்டு நல்லுசாமி எட்டிப் பார்த்து, "கிளமென்ட்டுக்கு முன்ஜாமீன் கெடைச்சிருச்சாம். ஊருக்குள்ள வந்துட்டான். மாலையெல்லாம் போடுறாங்க" என்றார்.

தைரியராஜ் மகன் மடியில் சிந்தியிருந்த சோற்றைப் பொறுக்கித் தட்டில் போட்டார். கையைக் கழுவினார். எரவாணத்தில் சொருகியிருந்த தார் வெட்டுகிற அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒரு மணி பஸ்ஸில் வந்து இறங்கிய ரோசரியிடம் ரேஷன் கடை வாசலில் நின்ற பெண்கள், "ஒன் வீட்டுக்காரர் அரிவாளோட மேலத்தெருப் பக்கம் போறாரு" என்றார்கள். செப்டம்பர் வெயில் தார் ரோட்டை இளக்கியிருந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ராயப்பன் வீட்டுக் கேட் திறந்திருந்தது. கிளமென்ட் தைரியராஜைத் தூரத்தில் பார்த்ததுமே கொல்லைப் பக்கமாக ஓடிவிட்டான். முன்வாசலில் லிசி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாத வயிறு. தைரியராஜ் படியேறி அவளுக்கு எதிரே நின்றிருந்தார்.

"அவன வெளிய வரச் சொல்லு."

"அவரு இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"என் புள்ள இன்னைக்குச் சோறு திங்கிறதப் பாத்தேன். ஒன் புருஷனும் பாக்கணும். கைய நீட்டு."

லிசி கையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். தைரியராஜ் அவள் வலது கையைப் பிடித்து இழுத்துக் கதவு நிலையோடு வைத்து அழுத்தினார். மூச்சு இரைத்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரிவாளை ஓங்கினார். ரோசரி படியில் கால் தடுக்கி, எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தாள். அரிவாள் அவள் இடது தோளில் இறங்கி எலும்பில் நின்றது.

"என்னங்க" என்றாள் ரோசரி.

தைரியராஜ் கைப்பிடியை விட்டார். அரிவாள் தோளிலிருந்து கழன்று படியில் விழுந்தது. ரத்தம் ரவிக்கையை நனைத்துப் படிப்படியாக இறங்கியது. லிசி தன் முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ரோசரியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, "அழுத்திப் பிடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது, அழுத்திப் பிடிச்சிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளேயிருந்து வந்த மாமியார், "அவள எதுக்குடி மடியில போட்டிருக்க, எந்திரி" என்று கத்தினாள். லிசி எழுந்திருக்கவில்லை.

அதற்குள் கிளமென்ட் ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரும்புக் கம்பியால் தைரியராஜை அடித்தார்கள். அவர் கையைத் தூக்கவே இல்லை. ரோசரியைப் பார்த்தபடியே அடியை வாங்கினார். விலா உடைகிற சத்தம் ரோசரிக்குக் கேட்டது. மயக்கம் வருவதற்கு முன்னால் அவள் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் தோளில் இருபத்தொரு தையல் போட்டார்கள். கீழே ஆண்கள் வார்டில் தைரியராஜ், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். இவள் நல்ல நினைவுக்கு வந்த அன்றே வக்கீல் சித்தார்த்தன் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நாளைக்குப் போலீஸ் வாக்குமூலம் வாங்க வருவாங்க. யார் வெட்டினதுன்னு கேப்பாங்க. கிளமென்ட்டுன்னு சொல்லிடுங்க. அவங்க வீட்டு வாசல்ல நடந்திருக்கு, அவன் கம்பியோட வந்து அண்ணன அடிச்சிருக்கான். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. முன்ஜாமீன் அன்னைக்கே ரத்தாயிடும்."

"அவன் வெட்டலையே தம்பி."

"ஆஸ்டின வெட்டினான்ல. அதுக்கு ஒரு சாட்சி வந்தாங்களா? அவங்க பொய் சொல்லித் தப்பிக்கிறாங்க. நாம உண்மையச் சொல்லி மாட்டிக்கணுமா? அண்ணன் ஜெயிலுக்குப் போவாருக்கா. கொலை முயற்சி, வீடு புகுந்தது, எல்லாம் சேரும். யோசிச்சுச் சொல்லுங்க."

சித்தார்த்தன் கெட்டவர் இல்லை. ஒரு ரூபாய் வாங்காமல் அலைகிறவர். அதுதான் ரோசரிக்குக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் பங்குச் சாமியாரும் ராயப்பனும் வந்தார்கள். சாமியார் ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். ராயப்பன் கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றார்.

"ரோசரி, ஊர் ரெண்டுபட்டுக் கெடக்குது" என்றார் சாமியார். "ரெண்டு பக்கமும் ரத்தம் சிந்தியாச்சு. இதோட முடிச்சுக்கலாம். நீ இலை அறுக்கறப்ப அரிவாள் தவறி விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. அவங்க தைரியராஜ் மேல கேஸ் குடுக்க மாட்டாங்க. நீங்களும் ஆஸ்டின் கேச வாபஸ் வாங்கிக்கங்க. மன்னிப்புதானே நம்ம வேதம்."

"ஒம் புருஷன் எம் மருமகளக் கொல்ல வந்தான்" என்றார் ராயப்பன். "வயித்துல புள்ள இருக்கு. நான் நெனைச்சா அவன் வெளியவே வர முடியாது. போனாப் போவுதுன்னு பேச வந்திருக்கேன்."

ரோசரி வலது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தையல் இழுத்தது.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். என்னை வெட்டுனது எங்க வீட்டுக்காரர். அவர மன்னிக்கறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. அவரு அரிவாள விட்டப்பவே மன்னிச்சாச்சு. ஆனா அவரு வெட்டலன்னு நான் சொல்ல முடியுமா? ஒரு புள்ளத்தாச்சி கையப் பிடிச்சு நெலையில வெச்சாரு. அது பாவம் இல்லன்னு ஆயிடுமா?"

சாமியார் ஆப்பிள் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரத்துக்கு மேலா ஐயா மகன மன்னிக்க என்னால முடியல சாமி. செபத்துல அந்த இடம் வந்தா தாண்டிப் போயிடுவேன். இப்பதான் ஒரு மாதிரியாப் புரியுது. மன்னிக்கறதும் வாபஸ் வாங்கறதும் ஒண்ணில்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பினதாலதான் எனக்கு நாக்கு எழும்பல. மன்னிக்கப் பாக்கறேன். கேச வாபஸ் வாங்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு செஞ்சதயும் மறைக்க மாட்டேன்."

"அப்ப ஒம் புருஷன் உள்ள போவட்டும்னு சொல்றியா?" என்றார் ராயப்பன்.

"அவரு செஞ்சதுக்கு அவரு போவாரு ஐயா. ஒங்க புள்ள செஞ்சதுக்கு ஒங்க புள்ள போவணும்."

ராயப்பன் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். சாமியார் ஆப்பிள் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். "திருவிழா அன்னைக்கு நான் மைக்க வெச்சுட்டு முன்னால வந்திருக்கணும்" என்றார். பிறகு அவரும் போனார்.

சாயங்காலம் நர்ஸிடம் கெஞ்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு ரோசரி கீழே இறங்கி ஆண்கள் வார்டுக்குப் போனாள். தைரியராஜின் முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

"நாளைக்கு நடந்ததச் சொல்லப் போறேங்க."

சுவரைப் பார்த்தபடியே அவர், "தோளு வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது."

"நான் அந்தப் பொண்ணு கையத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தா முடிஞ்சிருக்காது." விலா வலியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீ வரலேன்னா வெட்டியிருப்பேன் ரோசரி. இப்ப நெனைச்சா உள்ளுக்குள்ள ஒதறுது. நீ சொல்லு. இருந்தது இருந்தபடி சொல்லு. நானும் அதையே சொல்லிடறேன்."

அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து செபம் சொன்னாள். அன்றைக்கு எந்த வரியையும் விடவில்லை. அந்த இடம் வந்தபோது நிறுத்தி, மூச்சு வாங்கி, சொல்லி முடித்தாள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் எழுத, ரோசரி சொன்னாள். தன்னை வெட்டியது புருஷன். ராயப்பன் வீட்டில் யாரும் தன்னைத் தொடவில்லை. லிசி தன் சேலையால் ரத்தத்தை நிறுத்தினாள். புருஷனைக் கம்பியால் அடித்தது கிளமென்ட்டும் மூன்று பேரும். செப்டம்பர் எட்டாம் தேதி தன் மகன் கையை வெட்டியதும் கிளமென்ட்தான், இரண்டு வெட்டு. சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல சொன்னத நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தைரியராஜை ஆஸ்பத்திரியிலிருந்தே ரிமாண்ட் செய்து திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

ரோசரி வீடு திரும்பியபோது கீழத்தெருவில் ஒருவரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நல்லுசாமி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "மேலத்தெரு டீயக் குடிச்ச விசுவாசம். புருஷனக் காட்டிக் குடுத்துட்டா" என்றார். சாயங்காலம் ஓட்டின் மேல் கல் விழுந்தது. மூன்று ஓடு உடைந்து அடுப்பங்கரையில் சிதறியது.

ஆஸ்டின் அதைப் பொறுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"போடட்டும். எனக்கே போடணும்னுதான் இருக்கு" என்றான்.

"என்னடா சொல்ற?"

"அப்பாவ உள்ள தள்ளிட்டல்ல. அவன் ரோட்டுல புல்லட்ல போறான். அப்பா ஜெயில்ல களி திங்கறாரு. எனக்குக் கையில்ல. ஒனக்கு மோட்சம் வேணும், அதுக்கு நாங்க ரெண்டு பேரும் பலியா?" எதிரில் இருந்த சோற்றுத் தட்டைக் காலால் எத்தினான். அது சுவரில் மோதி விழுந்தது. "மன்னிச்சேன் மன்னிச்சேன்கிறியே, வெட்டுப்பட்டது யாரு? எங்கிட்டக் கேட்டியா? அவன மன்னிக்கறதா இருந்தா நான்தான் மன்னிக்கணும். நான் மன்னிக்கல. கேட்டுக்க."

"நீ மன்னிக்கணும்னு நான் சொல்லலடா. அது ஒன்னோடது."

"பின்ன என்னதான் சொல்ற?"

"இருநூறு பேரு ஒன்னை வெட்டினதப் பாத்தாங்க. ஒருத்தன் வாயத் தொறக்கல. எவ்வளவு திட்டினோம் அவங்கள. நான் பாத்தத நான் மாத்திச் சொன்னா அந்த இருநூறோட நானும் ஒருத்திடா."

ஆஸ்டின் எழுந்து வெளியே போய்விட்டான். ரோசரி ஒற்றைக் கையால் சோற்றைக் கூட்டினாள். அழுகை வந்தது. உடைந்த ஓட்டுச் சில்லை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே அழுதாள்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தட்டியது. ரோசரியின் தோள் உயரவில்லை. கழியைத் தூக்க முடியாமல், மற்றவர்கள் அறுத்த இலையைக் கட்டுகிற வேலைக்குப் போனாள். ஆஸ்டின் ஸ்ரீரங்கம் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தான். பாய் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல இன்ஜினைப் பிரித்தார். வீட்டில் அம்மாவோடு பேச்சு இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தூறலில், லிசி ரேஷன் கடை மூலையைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் நடந்துவந்தாள். மேலத்தெருப் பெண் ஒருத்தி அந்தத் தெருவில் நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு துணிப்பை. இடது கன்னம் கன்றிப்போய், உதடு வெடித்திருந்தது. எட்டாவது மாதம்; மூச்சு வாங்க ரோசரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். நல்லுசாமி வீட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

"உள்ள வாங்க சின்னம்மா" என்றாள் ரோசரி.

"சின்னம்மான்னு கூப்பிடாதீங்க. லிசின்னே கூப்பிடுங்க." உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அன்னைக்கு நான் பால் சொசைட்டி படியிலதான் நின்னேன். அவரு டிராக்டர்லேருந்து எடுத்ததப் பாத்தேன். வெட்டினதயும் பாத்தேன். போலீஸ் வந்தப்ப மாமா, நீ வீட்டுல படுத்திருந்தேன்னு சொல்லுன்னாரு. சொன்னேன்."

ஆஸ்டின் உள்ளறை வாசலில் வந்து நின்றான்.

"ஒங்க வாக்குமூலத்த எங்க வீட்டுல படிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க. கூறுகெட்டவ, புருஷனயே மாட்டிவிட்டான்னு. எனக்குத் தூக்கமே வரல. ஒரு மாசமா அதுதான் மனசுல ஓடுது. முந்தாநேத்து அவருகிட்ட, நான் பாத்தத நான் சொல்லப்போறேன்னேன்." கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "வயித்துல மிதிக்க வந்தாரு. மாமியாதான் நடுவுல வந்தாங்க. இப்ப எல்லாரும் பூசைக்குப் போயிருக்காங்க. அந்த வக்கீல் நம்பர் வேணும்."

ரோசரி அவளை அன்றைக்கு அங்கே வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் தெருவே எரியும் என்று அவளுக்குத் தெரியும். வக்கீலுக்குப் போன் போட்டாள். நல்லுசாமியின் ஆட்டோவைத் தவிர அந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை. அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். போய் ஆட்டோவை எடுத்து வந்து திரையை இறக்கிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஷேக் தாவூது பாய் வீட்டில், அவர் மனைவி ஷரபுன்னிசாவோடு லிசி இரண்டு ராத்திரி இருந்தாள். மறுநாளே மேலத்தெருவிலிருந்து இரண்டு காரில் ஆள் தேடிக்கொண்டு வந்து, ஒர்க்‌ஷாப் கண்ணாடியை உடைத்து, நாலு வண்டியைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பாய்க்குப் புருவத்தில் கிழிந்தது.

செவ்வாய்க்கிழமை திருச்சி கோர்ட்டில் நீதிபதி முன்னால் லிசி வாக்குமூலம் கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம். வெளியே வராந்தாவில் ரோசரியும் ஆஸ்டினும் சித்தார்த்தனும் நின்றார்கள். பாதுகாப்புக்கு இரண்டு பெண் போலீஸ். கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கிளமென்ட்டும் ராயப்பனும் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிசி வெளியே வந்தபோது கிளமென்ட் முன்னால் பாய்ந்தான். போலீஸ்காரப் பெண் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். "எம் புள்ளைய எவளுக்குடி பெக்கப் போற" என்று கத்தினான். லிசி அவனைப் பார்த்து, "வெட்டுனீங்க, பாத்தேன். சொல்லிட்டேன்" என்றாள்.

"இது போதும்கா" என்று சித்தார்த்தன் ரோசரியிடம் மெல்லச் சொன்னார். "முன்ஜாமீன ரத்து பண்ணச் சொல்லி நாளைக்கே மனு போட்டுடறேன்." கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு நான் சொன்னபடி நீங்க சொல்லியிருந்தீங்கன்னா இது வந்திருக்காது" என்றார்.

அந்த மனுவில் அவர் ஜெயித்தார். கிளமென்ட் உள்ளே போனான். தைரியராஜுக்கு டிசம்பரில் ஜாமீன் கிடைத்தது. அவர் மேலிருந்த கேஸ் அப்படியேதான் இருந்தது, வாய்தாவுக்கு வாய்தா போய்வந்தார். மடத்துக்கரையில் சப்பரம் அடுத்த வருஷம் கிளம்பவே இல்லை. அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து லிசி வையம்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பெண் போலீஸார் பஸ் ஸ்டாண்டு வரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். ரோசரியும் ஆஸ்டினும் கூட வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. தரையில் சேறு. லிசியால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. இரண்டு அடிக்கு ஒருமுறை நின்றாள். ரோசரி வாங்கப் போனாள். அவள் தோள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆஸ்டின் வந்து இடது கையால் பையை எடுத்துக்கொண்டான். மணப்பாறை வழியாகப் போகிற திண்டுக்கல் பஸ் கிளம்ப நின்றது. அவன் கூட்டத்தில் முட்டி உள்ளே போய், ஜன்னலோரச் சீட்டில் பையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தான்.

லிசி படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி நின்றாள். வெட்டுப்பட்ட கையைப் பார்த்தாள். சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தான்.

"எங்க மேல கோவம் இருக்கா தம்பி?" என்றாள்.

பின்னால் கண்டக்டர் விசில் ஊதினார்.

"இருக்குக்கா" என்றான். "நீங்க ஏறுங்க. நின்னுக்கிட்டே போகக் கூடாது, சீட்டு போயிடும்."

அவள் ஏறும்போது முழங்கையைத் தாங்கிப் பிடித்து உள்ளே விட்டான். பஸ் நகர்ந்தது. அம்மாவும் மகனும் அது திரும்பிப் போகிற வரைக்கும் நின்றார்கள். பிறகு ஆஸ்டின், ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அம்மாவிடம் முதல் தடவையாக, "பசிக்குதும்மா. ஏதாச்சும் சாப்பிட்டுப் போலாம்" என்றான்.